சாவி வாங்கிய கைக்கு என்ன சேருகிறது?

பள்ளி விடுமுறைக்கு ஈப்போவிலிருந்து மச்சான் குடும்பம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தது. மாமனாருக்கு எழுபது வயது நிறைந்த நாள். செபராங் ஜெயாவிலிருந்து பாலத்தைத் தாண்டி, பினாங்குத் தீவில் கடலோர ஹோட்டல் ஒன்றில் எல்லாரும் சேர்ந்து இரவுச் சாப்பாடு என்று ஏற்பாடு. போய்ச் சேரும்போதே மழை பிடித்துக்கொண்டது. மாமனார் கைத்தடி ஊன்றி நடப்பவர். கார் நிறுத்த இடம் தேடி அலைய வேண்டாம் என்று, முகப்பில் நின்ற இளைஞரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு உள்ளே போனோம்.

சாப்பிட்டு முடித்து வெளியே வந்தபோது மழை இன்னும் வலுத்திருந்தது. சீட்டை நீட்டினேன். எண்ணைப் பார்த்ததும் அந்த இளைஞர் மழைக்குள் ஓடினார். ஐந்து நிமிடத்தில் கார் வந்து நின்றது. இறங்கியவரின் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. ஆனால் அவர் உட்கார்ந்து ஓட்டி வந்த இருக்கையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. பெரிய பிளாஸ்டிக் பை ஒன்றை விரித்து, அதன் மேல் உட்கார்ந்து ஓட்டி வந்திருக்கிறார். அதைச் சுருட்டிக் கால்சட்டைப் பையில் செருகிக்கொண்டே, "அண்ணே, சீட்டைக் கொஞ்சம் பின்னால தள்ளியிருந்தேன். பழைய மாதிரியே வெச்சிட்டேன், பாத்துக்குங்க" என்றார். பிறகு குடையை விரித்து, மாமனாரின் முழங்கையைப் பிடித்து, முன் இருக்கையில் உட்கார வைத்தார்.

ஐந்து வெள்ளித் தாளை மடித்துக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கார் பாலத்தில் ஏறியதும் பின் இருக்கையிலிருந்து மச்சானின் குரல்: "பில்லுலதான் பத்து பெர்சன்ட் சேர்த்துப் போட்டுட்டாங்களே மச்சான். அதுக்கு மேல வரி வேற. அந்தத் தம்பிக்குத் தனியா எதுக்கு?"

மச்சான் கஞ்சர் இல்லை. தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலுக்கு ஆண்டுதோறும் கேட்காமலே கொடுப்பவர். ஒழுங்காகக் கணக்குப் பார்க்கிற எவருக்கும் எழுகிற நியாயமான கேள்வி அது. விடுமுறைக்குப் போகிற நம் குடும்பங்கள் ஹோட்டல் முகப்பில் இதே தடுமாற்றத்தோடுதான் நிற்கின்றன. கொடுக்கலாமா, எவ்வளவு, எப்போது, கொடுக்காவிட்டால் தப்பா? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொடுக்க வேண்டும், கார் ஓட்டி வந்தவர் கையிலேயே கொடுக்க வேண்டும். பில்லில் நாம் கட்டும் பத்து விழுக்காடு பெரும்பாலும் அந்தக் கைக்குப் போய்ச் சேர்வதில்லை. அது ஏன் சேர்வதில்லை என்று கேட்பதும் நம் கடமை.

இரண்டு கூட்டல் குறிகள்

மலேசிய ஹோட்டல்களில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகளைப் பார்த்திருப்பீர்கள். ஒன்று சேவைக் கட்டணம், பத்து விழுக்காடு. மற்றொன்று அரசாங்கத்தின் சேவை வரி. 2024 மார்ச் முதல் அறை வாடகைக்கு 8 விழுக்காடு, சாப்பாட்டுக்கு 6 விழுக்காடு. இதோடு பினாங்கில் 2014 முதல் ஊராட்சி மன்றத்துக்கான ஹோட்டல் கட்டணம் இருக்கிறது. வெளிநாட்டுப் பயணிக்கு 2017 முதல் இரவுக்கு 10 வெள்ளி சுற்றுலா வரியும் உண்டு. இத்தனையும் கட்டி முடித்தவர், இனி யாருக்கும் எதுவும் பாக்கி இல்லை என்று நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் இவற்றில் சேவைக் கட்டணம் மட்டும் வேறு சாதி. அது அரசாங்கத்துக்குப் போகும் பணம் அல்ல. நாம் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக டிப்ஸ் கொடுப்பதற்குப் பதிலாக ஹோட்டல் மொத்தமாக வசூலித்து, ஊழியர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பணம். பிரிப்பது புள்ளிக் கணக்கில். பதவிக்கும் பணிக்காலத்துக்கும் ஏற்ப ஒவ்வோர் ஊழியருக்கும் இத்தனை புள்ளி என்று இருக்கும். மாத வசூலை மொத்தப் புள்ளிகளால் வகுத்தால் ஒரு புள்ளியின் மதிப்பு கிடைக்கும். அறைகள் நிரம்பிய மாதத்தில் புள்ளி ஏறும். காலியான மாதத்தில் இறங்கும். 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது புள்ளியை நம்பிக் குடும்பம் நடத்தியவர்கள் பட்ட பாட்டை இந்த வட்டாரத்தில் பலரும் நேரில் பார்த்தோம்.

இந்தப் பணம் யாருடையது என்ற கேள்வி நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 2013 ஜனவரி முதல் தேதி தீபகற்ப மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 900 வெள்ளி என்று நடப்புக்கு வந்தது. அதுவரை குறைந்த அடிப்படைச் சம்பளமும் அதோடு சேவைக் கட்டணமும் என்றுதான் பல ஹோட்டல்கள் ஓடிக்கொண்டிருந்தன. அடிப்படைச் சம்பளத்தை உயர்த்துவதற்குப் பதிலாக, சேவைக் கட்டணத்தையும் சேர்த்து 900 என்று கணக்குக் காட்டலாமா என்பதே வழக்கு. பெட்டாலிங் ஜெயாவின் கிறிஸ்டல் கிரவுன் ஹோட்டலுக்கும், தீபகற்ப மலேசிய ஹோட்டல், பார், உணவகத் தொழிலாளர் தேசிய சங்கத்துக்கும் இடையே தொழில் நீதிமன்றத்தில் தொடங்கிய அந்த வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை ஏறியது. 2021-இல் தீர்ப்பு வந்தது. எழுதியவர் நீதிபதி நளினி பத்மநாதன். வாடிக்கையாளர் கொடுக்கும் சேவைக் கட்டணம் ஊழியர்களுக்கு உரியது, ஹோட்டல் அதை அவர்கள் சார்பில் வைத்திருக்கிறது, அதை எடுத்துக் குறைந்தபட்சச் சம்பளத்தின் பள்ளத்தை நிரப்பக் கூடாது என்பது அதன் சாரம்.

தொழிலாளர் பணம் தொழிலாளருக்கே என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும், அன்று மழையில் நனைந்த இளைஞருக்கு அதனால் என்ன கிடைத்தது? மச்சானின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. புள்ளிக் கணக்கு ஹோட்டலின் ஊழியர்களுக்கு. காரை வாங்கி நிறுத்துகிறவர் பல இடங்களில் ஹோட்டலின் ஊழியரே அல்ல.

555 புத்தகத்தில் ஒரு பக்கம்

நான் குடியிருக்கும் செபராங் ஜெயாவில் தெருக்களுக்கு மீன் பெயர்கள். தோடாக், தெங்கிரி, சியாக்காப் என்று வலை வீசியதுபோல் பெயர் வைத்திருக்கிறார்கள். தீவில் வாடகை கட்டி மாளாது என்று அங்கே வேலை பார்க்கும் எத்தனையோ பேர் கடலுக்கு இந்தப் பக்கம் குடியிருக்கிறார்கள். எங்கள் வரிசையில் நான்கு வீடு தள்ளி இருக்கும் தம்பியும் அப்படித்தான். வயது 23. தீவில் ஒரு ஹோட்டல் முகப்பில் காரை வாங்கி நிறுத்தித் தரும் கார் ஜாக்கி வேலை.

மலாயாவில் குதிரை வண்டிக் காலத்தில் கடிவாளம் பிடித்து நின்றவரை சைஸ் என்றார்கள். கார் வந்த பிறகும் ஓட்டுநருக்கு அந்தப் பெயர் நெடுநாள் ஒட்டிக்கொண்டிருந்தது. இன்றைய ஜாக்கி என்பதும் குதிரையோட்டியின் பெயர்தான். வண்டி மாறிவிட்டது, வாசலில் காத்து நிற்கும் ஆளின் நிலை அவ்வளவாக மாறவில்லை.

மச்சான் ஊருக்குத் திரும்புவதற்கு முந்திய இரவு அந்தத் தம்பி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். அவன் ஹோட்டல் சட்டைதான் போடுகிறான். சட்டைப் பையின் மேல் ஹோட்டலின் பெயர் பின்னப்பட்டிருக்கிறது. ஆனால் சம்பளச் சீட்டில் இருப்பது வேறொரு குத்தகை நிறுவனத்தின் பெயர். ஆகவே அவனுக்குப் புள்ளி கிடையாது. கார் நிறுத்தித் தருவதற்கு வாடிக்கையாளர் கட்டும் கட்டணமும் குத்தகைக்காரருக்குப் போகிறது. அவன் கைக்கு வருவது மாதச் சம்பளமும், கார் கதவைச் சாத்துமுன் யாராவது நீட்டும் தாளும்தான்.

அந்தத் தாள்களின் கணக்கை அவன் ஒரு 555 புத்தகத்தில் எழுதி வைக்கிறான். மளிகைக் கடையில் நம் அம்மாக்கள் கடன் எழுதிய அதே சின்னப் புத்தகம். எடுத்துக் காட்டினான். கல்யாண மாதத்துச் சனிக்கிழமை ஒன்று: 41 கார், 37 வெள்ளி. அதற்கு அடுத்த நாள்: 26 கார், 9 வெள்ளி. பக்கத்தில் ஒரு குடை வரைந்திருந்தான். மழை நாள் என்று அடையாளம். மழையில் ஓடினால் கூடுதலாகக் கிடைக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். "இல்ல மாமா, மழைனா எல்லாரும் அவசரமா ஏறிக் கதவச் சாத்திடுவாங்க. பர்ஸ எடுக்க யாருக்கும் நேரம் இருக்காது" என்றான். மச்சான் அந்தக் குடைப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இன்னொரு கணக்கு இருந்தது. ஒரு நாள் இரவு நெருக்கடியில் ஒரு காரின் பம்பரில் கீறல் விழுந்திருக்கிறது. அதற்காக மூன்று மாதம் சம்பளத்தில் பிடித்திருக்கிறார்கள். எழுத்தில் எதுவும் கொடுக்கவில்லை. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு, சம்பளத்தில் எவற்றைப் பிடிக்கலாம் என்று வரையறை செய்திருக்கிறது. முதலாளி தன் விருப்பத்துக்குக் கை வைக்க முடியாது. தொழிலாளர் இலாகாவுக்குப் போய்ச் சொல் என்றேன். "போனா அடுத்த மாசம் எனக்கு ஷிப்டு இருக்காது மாமா" என்றான். 23 வயதில் ஒருவன் அதைச் சலிப்பே இல்லாமல் சொன்னதுதான் எனக்கு வலித்தது.

நள்ளிரவு தாண்டி வேலை முடிந்து, பதின்மூன்றரை கிலோமீட்டர் பாலத்தில் கடல் காற்றை எதிர்த்து மோட்டார்சைக்கிளில் வீடு திரும்புகிறான். 2019 முதல் மோட்டார்சைக்கிளுக்குப் பாலத்தில் டோல் இல்லை என்பது ஒரு நிம்மதி. பெட்ரோலுக்கும் மோட்டார்சைக்கிள் தவணைக்கும் டிப்ஸ் பணம் போகிறது. வயதான காலத்துக்கு அதிலிருந்து எதுவும் சேராது. குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளிக்கு முதலாளி 13 விழுக்காடு, அதாவது 221 வெள்ளி, சேமநிதியில் கட்ட வேண்டும். டிப்ஸுக்கு அப்படி ஒரு காசும் கிடையாது. ஹோட்டல் ஊழியர் வாங்கும் சேவைக் கட்டணத்தையே 1991-ஆம் ஆண்டு சேமநிதிச் சட்டம் சம்பளம் என்ற கணக்கில் சேர்ப்பதில்லை. இன்றைக்குக் கையில் இருப்பது இன்றோடு சரி.

கார் யார் பொறுப்பு, ஆள் யார் பொறுப்பு?

குத்தகைக்காரரின் ஆள், எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று ஹோட்டல் சொல்லலாம். கார் தொலைந்தால் அதே பேச்சு எடுபடுமா? இதற்கு டில்லியில் நடந்த ஒரு வழக்கு நல்ல பாடம்.

1998 ஆகஸ்டு முதல் தேதி இரவு, டில்லி தாஜ்மகால் ஹோட்டலுக்கு வந்த ஒருவர் தன் மாருதி ஜென் காரின் சாவியை வேலே ஊழியரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். நள்ளிரவுக்குப் பிறகு திரும்பி வந்தால் கார் இல்லை. வேறு யாரோ சாவியை எடுத்து ஓட்டிக்கொண்டு போயிருந்தார். காப்புறுதி நிறுவனம் இழப்பைக் கட்டிவிட்டு ஹோட்டல் மீது வழக்குத் தொடுத்தது. நிறுத்துவது வாடிக்கையாளரின் பொறுப்பு என்று சீட்டிலேயே அச்சடித்திருக்கிறோமே என்றது ஹோட்டல். 21 ஆண்டுகள் கழித்து, 2019 நவம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. சாவியைக் கையில் வாங்கிய பிறகு, கார் ஹோட்டலின் காவலில் இருக்கிறது; தன் தரப்புக் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பை ஒரு சீட்டின் வாசகத்தைக் காட்டித் தட்டிக்கழிக்க முடியாது என்றது.

நம் நாட்டின் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும் இந்தியச் சட்டத்தின் வழியில் வந்ததுதான். பிறர் பொருளைப் பொறுப்பில் வாங்கியவர், தன் பொருளை ஒரு விவேகமுள்ள மனிதர் எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அதன் 104-ஆவது பிரிவு சொல்கிறது.

அப்படியானால் நாம் சாவி கொடுப்பது யாருக்கு? ஹோட்டலின் பெயரை நம்பி, ஹோட்டலின் வாசலில், ஹோட்டலின் சட்டை போட்டவரிடம் கொடுக்கிறோம். அந்த நம்பிக்கையைத் தன் கையில் தாங்குகிறவர் அந்த இளைஞர். காரைத் தன் பொறுப்பு என்று ஏற்க வேண்டிய ஹோட்டல், காரை ஓட்டுகிற ஆளை மட்டும் வேறொருவரின் பொறுப்பு என்று தள்ளி வைப்பது எந்த நியாயத்தில் சேரும்?

இது நம் சமூகத்துக்குப் புதிய கதையும் அல்ல. நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்தில் பால் மரம் சீவிய என் தாத்தா கங்காணியின் தலைக்காசைப் பற்றிச் சொல்லுவார். ஆள் வேலைக்கு இறங்கினால், தலைக்கு இத்தனை காசு என்று கங்காணிக்குப் போகும். உழைக்கிறவனின் தலையை எண்ணி, நடுவில் நிற்கிறவன் கையில் காசு விழுந்த காலம் அது. தோட்டம் போய்விட்டது. நடுவில் நிற்கும் கை போகவில்லை.

கொடுக்கும் முறை

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மச்சான் சொன்னார்: "சரி மச்சான், எவ்வளவு கொடுக்கணும், எப்படிக் கொடுக்கணும், அதையாவது ஒழுங்கா சொல்லு." விடுமுறைக்குக் கிளம்புகிறவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் ஒரு தயக்கத்தைப் போக்கிக்கொள்ள வேண்டும். மலாயில் டூயிட் கோப்பி, காப்பிக் காசு, என்றால் நம் காதில் லஞ்சம் என்றே விழுகிறது. அதனால் மானமுள்ள பலருக்குக் கையில் காசு கொடுக்கவே கூச்சம். வேறுபாடு எளிது. வேலைக்கு முன்னால், விதியை வளைக்கக் கொடுப்பது லஞ்சம். வேலை முடிந்த பின்னால், நன்றாகச் செய்ததற்கு நன்றியாகக் கொடுப்பது டிப்ஸ். அதனால்தான் காரை ஒப்படைக்கும்போதே தாளை நீட்டி, வாசலிலேயே நிறுத்திவை என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். மற்றவர் இடத்தைக் காசால் வாங்குவது அது. கார் திரும்பி வந்ததும் கொடுங்கள்.

எவ்வளவு? நம் நாட்டில் இது கட்டாயமும் இல்லை, எழுதி வைத்த விகிதமும் இல்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் பழமொழி. 555 புத்தகத்தைப் பார்த்த பிறகு என் அளவு இது: வழக்கமாக ஐந்து வெள்ளி. பேரங்காடி வாசலில் சட்டென்று எடுத்துக் கொடுத்தால் இரண்டு மூன்று வெள்ளி போதும். மழையில் ஓடினால், முதியவரைக் கைப்பிடித்து ஏற்றினால், சக்கர நாற்காலியை மடக்கி வைத்தால், குடும்பத்தின் பெட்டிகளையெல்லாம் அடுக்கித் தந்தால் பத்து. நான்கு நாள் தங்குகிறவர், கடைசி நாளில் மொத்தமாகக் கொடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கக் கூடாது. முதல் நாள் ஓடியவர் கடைசி நாள் வேலையில் இல்லாமல் போகலாம். அன்றன்று கொடுப்பதே சரி. வேலே கட்டணம் தனியாகக் கட்டியிருந்தாலும் கொடுங்கள். அந்தக் கட்டணம் எங்கே போகிறது என்று மேலே பார்த்தோம்.

இதற்குச் சில்லறை வேண்டும். பாலம் ஏறுவதற்கு முன்னால், காலைச் சாப்பாட்டுக் கடையிலேயே ஒரு ஐம்பது வெள்ளியை ஐந்து வெள்ளித் தாள்களாக மாற்றிக் கார் டேஷ்போர்டுப் பெட்டியில் வைத்துக்கொள்வது என் வழக்கம். கையில் காசே இல்லாத காலம் இது, கியூஆர் இருந்தால் அனுப்பிவிடுகிறேன் என்கிறார்கள் இளையவர்கள். அந்தக் குறியீடு அவருடைய சொந்தக் கணக்கா, கம்பெனிக் கணக்கா என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

தொகையைவிடக் கொடுக்கும் விதம் பெரிது. இருக்கையில் விட்டெறிவது, கண்ணாடியைப் பாதி இறக்கி இரண்டு விரலால் நீட்டுவது, பையில் கிடந்த செப்புக் காசையெல்லாம் கொட்டிக் கொடுப்பது: இவற்றைவிடக் கொடுக்காமல் இருப்பது மேல். தாளை மடித்து வலக்கையால், முகம் பார்த்து, நன்றி சொல்லிக் கொடுங்கள். கூப்பிடும்போது விரல் சொடுக்காதீர்கள். தமிழ்ப் பையன் என்றால் தம்பி, மலாய்க்காரர் என்றால் அடிக் அல்லது பாங், வங்காளதேசத்திலிருந்து வந்தவர் என்றால் பாய். ஒரு சொல்லுக்குக் காசு செலவில்லை. பிள்ளைகள் கையால் கொடுக்கச் சொல்லுங்கள், பழக்கம் வரும். அதைப் படம் எடுத்துப் பதிவேற்றாதீர்கள். வாங்குகிறவருக்கும் மானம் உண்டு.

காசோடு முடியாத மரியாதைகளும் உண்டு. பணப்பையையும் நகைப் பெட்டியையும் காரில் விட்டுவிட்டுச் சாவியைக் கொடுப்பது, ஓர் ஏழைப் பையனைச் சந்தேகத்தின் வாசலில் நிறுத்துவது. எடுத்துக்கொண்டு இறங்குங்கள். காரைத் திருப்பி வாங்கும்போது அவர் முன்னாலேயே ஒரு சுற்று பார்த்துவிடுங்கள். வீட்டுக்குப் போய் மறுநாள் ஒரு கீறலைக் கண்டுபிடித்துத் தொலைபேசியில் சத்தம் போட்டால், அது யாருடைய சம்பளத்தில் போய் விழும் என்று 555 புத்தகத்தின் கடைசிப் பக்கம் எனக்குக் காட்டிவிட்டது.

டிப்ஸ் வாங்கக் கூடாது என்று ஹோட்டல் விதி வைத்திருந்தால் திணிக்காதீர்கள். சட்டையில் உள்ள பெயரைக் குறித்து, கருத்துத் தாளில் இரண்டு வரி நல்லபடியாக எழுதுங்கள். அதேபோல், பொதுச் சாலையோரத்தில் கை காட்டி இடம் காட்டி, காசு கொடுக்காவிட்டால் காரில் கோடு விழும் என்று பார்வையாலேயே மிரட்டுகிறவருக்குக் கொடுப்பது டிப்ஸ் ஆகாது. அந்த இடம் நகராண்மையுடையது. அதற்குரிய கட்டணத்தைச் செயலியில் கட்டினால் போதும்.

ஊருக்கு ஊர் முறை மாறும் என்பதையும் பயணம் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஜப்பானில் டிப்ஸ் கொடுக்கும் வழக்கமே இல்லை, நீட்டினால் சங்கடப்படுவார்கள். கோயில் சுற்றுலாவுக்குத் தமிழ்நாடு போகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: உணவகங்கள் சேவைக் கட்டணத்தைத் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று இந்தியாவின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் நெறிமுறை வகுத்தது, டில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதிசெய்தது. அங்கே கையில் கொடுப்பதுதான் போய்ச் சேரும் வழி.

டிப்ஸ் சம்பளம் ஆகிவிடக் கூடாது

இவ்வளவு சொன்ன பிறகு ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். நாம் கொடுக்கக் கொடுக்க, முதலாளிகள் சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. அமெரிக்கா அந்த வழியில் போன நாடு. டிப்ஸ் வாங்கும் தொழிலாளருக்கு முதலாளி கொடுக்க வேண்டிய கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2 டாலர் 13 சென்ட். 1991 முதல் அது நகரவே இல்லை. மீதியை வாடிக்கையாளர் நிரப்புகிறார் என்பது கணக்கு. விருந்தினரின் மனநிலையை நம்பி ஒரு குடும்பத்தின் அடுப்பு எரிய வேண்டும் என்ற நிலை இங்கே வரக் கூடாது. கூட்டரசு நீதிமன்றத்தின் 2021 தீர்ப்பு ஹோட்டல் ஊழியர்களுக்கு அந்தக் கதவை அடைத்தது. குத்தகைத் தொழிலாளியையும் அந்த வேலிக்குள் கொண்டுவர வேண்டியது நம் வேலை.

வழி இல்லாமல் இல்லை. பிரிட்டனில் 2023-இல் இயற்றி 2024 அக்டோபர் முதல் தேதி நடப்புக்கு வந்த சட்டம், டிப்ஸையும் சேவைக் கட்டணத்தையும் பிடித்தம் இல்லாமல் தொழிலாளர்களுக்கு நியாயமாகப் பிரித்துக் கொடுக்கச் சொல்கிறது. ஏஜென்சி மூலம் வந்து வேலை பார்ப்பவர்களையும் அந்தப் பங்கீட்டில் சேர்க்கிறது. அந்த ஒரு வாசகத்தைத்தான் நம் நாட்டிலும் கேட்கிறேன். யார் சம்பளச் சீட்டு எழுதினாலும் சரி, ஹோட்டல் வாசலில் ஹோட்டலின் சட்டையோடு நின்று வேலை பார்ப்பவருக்குப் புள்ளியில் பங்கு வேண்டும்.

சட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். நம் வீட்டுக் கல்யாணங்களுக்கும் அறுபதாம் கல்யாணங்களுக்கும் ஹோட்டல் மண்டபம் பிடிக்கிறோம். மேசைக் கணக்கு, சாப்பாட்டு வகை, மேடை அலங்காரம் என்று ஒவ்வொன்றுக்கும் மணிக்கணக்கில் பேரம் பேசுகிறோம். அந்தப் பேச்சில் ஒரு கேள்வியைச் சேர்ப்போம்: கார் நிறுத்தும் பிள்ளைகளுக்கு இதில் பங்கு உண்டா? பணம் கட்டப்போகிறவர் கேட்கும் கேள்விக்கு எந்த ஹோட்டலும் காது கொடுக்கும். பத்துக் குடும்பங்கள் கேட்டால் குத்தகை ஒப்பந்தத்தில் ஒரு வரி மாறும்.

மச்சான் குடும்பம் ஈப்போவுக்குத் திரும்பிவிட்டது. அந்தத் தம்பி இன்றைக்கும் இரவு வேலைக்குப் பாலம் ஏறியிருப்பான். அவன் கிழித்துக் கொடுக்கும் சீட்டின் பின்புறத்தைப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். ஹோட்டல் எதற்கெல்லாம் பொறுப்பில்லை என்று ஏழெட்டு வரி நுணுக்கி அச்சடித்திருக்கும். அவற்றுக்கு நடுவே இன்னும் ஒரு வரிக்கு இடம் இருக்கிறது. இந்தக் கட்டணத்தில் உங்கள் காரை ஓட்டி வருகிறவருக்குச் சேர்வது இவ்வளவு என்று மலாயிலும் சீனத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் அது அச்சாகட்டும். அதுவரை, மழை பெய்யும் இரவில் கதவைச் சாத்துவதற்கு முன்னால் ஒரு நிமிடம் நிதானித்துப் பர்ஸை எடுங்கள்.